ஒட்டிப்போன படமும் ஒன்றரைக் கிலோ ஸ்கேனரும்

லூர்துராஜ் ஒரு சாமான் வாங்கப் புறப்பட்டால் வீட்டில் இருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான். மிக்சி வாங்கப் போய் தஞ்சாவூரில் நாலு கடை ஏறி இறங்கி, கடைசியில் முதல் கடையில் பார்த்த மிக்சியையே வாங்கி வந்த மனுஷர் அவர். செருப்பு வாங்கினால்கூட வளைத்துப் பார்ப்பார், முகர்ந்து பார்ப்பார், கடைக்காரர் முகத்தையும் ஒரு தடவை பார்ப்பார். அதனால் சகாயம்மாள் புருஷனோடு கடைக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். "நீங்க பாத்து முடிங்க. முடிஞ்சதும் போன் பண்ணுங்க, நான் வந்து தூக்கிட்டு வரேன்" என்பாள்.

ஆனால் 2012 ஆவணி மாசம் அவர் ஸ்கேனர் வாங்கப் போனபோது மட்டும், அவளே முதலில் புடவை மாற்றிக்கொண்டு வாசலில் வந்து நின்றாள். ஏன் என்று சொல்ல வேண்டுமானால், ஹாஜா முகைதீன் யார் என்று முதலில் சொல்லியாக வேண்டும்.

ஹாஜா கூத்தாநல்லூர்க்காரர். 1988-ல் குவைத்தில் லூர்துராஜுக்குப் பக்கத்துக் கட்டில். லூர்துராஜ் ஒரு மரச்சாமான் கடையில் லோடு தூக்கினார். ஹாஜா ஓர் ஆபீசில் டீ கொடுத்தார், கூடவே அங்கே இருந்த ஜெராக்ஸ் மெஷினையும் பார்த்துக்கொண்டார். அந்த மெஷின் மேல் அவருக்கு அப்படியொரு பித்து. அறையில் இருந்த பதினோரு பேரின் பாஸ்போர்ட்டையும், முதலாளிமார் வாங்கிப் பூட்டுவதற்கு முன்னால் ஒரு காப்பி எடுத்து வைத்துவிடுவார். "எதுக்கு பாய் இந்தக் குப்பை? பஜ்ஜி மடிக்கவா?" என்று எல்லாரும் கிண்டலடிப்பார்கள். லூர்துராஜும்தான் அடித்தார். இப்போது நினைத்தால் தன் வாயில் தானே போட்டுக்கொள்ளலாம் போலிருக்கும் அவருக்கு.

1990 ஆகஸ்டில் சண்டை வந்தது. கடை முதலாளி குடும்பத்தோடு காரில் ஏறிப் போனவர் போனவர்தான். பாஸ்போர்ட் எல்லாம் அவர் பெட்டகத்துக்குள். ஹாஜா தன் தலையணை உறையைப் பிரித்து, அவரவர் காகிதத்தை அவரவர் கையில் கொடுத்தார். பஸ்சில் பாலைவனம் தாண்டி, அம்மான் நகரத்தில் கூடாரத்தில் கிடந்து, விமானத்துக்கு வரிசையில் நின்றபோது, "நீ யாருய்யா?" என்று கேட்ட அதிகாரியிடம் லூர்துராஜ் நீட்டியது அந்த மங்கல் காகிதத்தைத்தான். கையில் ஒரு காகிதமும் இல்லாதவர்கள் அங்கேயே வாரக்கணக்கில் கிடந்தார்கள். லூர்துராஜ் மூன்றாம் நாள் பம்பாயில் இறங்கினார். இங்கே சகாயம்மாள் கைக்குழந்தை கிளமென்டை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன் தாயே என்று அழுதுகொண்டிருந்தாள். புருஷனை வாசலில் கண்டதும் அவள் கேட்ட முதல் கேள்வி, "உங்களை அனுப்பி வெச்ச புண்ணியவான் யாருங்க?"

அந்தப் புண்ணியவான் 1992-ல் மறுபடி குவைத் போனார். நாலே மாசம். ரோட்டில் ஒரு லாரி மோதி, அங்கேயே அடக்கம் ஆகிவிட்டது. இங்கே அவர் மனைவி ரஹ்மத் பீவி ஆறு மாசக் கர்ப்பம். வயிற்றில் இருந்தவள் நஸ்ரின். ஹாஜாவின் பெட்டி படுக்கை எதுவும் ஊர் வந்து சேரவில்லை.

லூர்துராஜ் பிறகு ஷார்ஜாவுக்குப் போனார். அங்கே ஒரு கட்டுமான கம்பெனியில் காகிதம் அடுக்கும் வேலையில் சேர்ந்து பதினெட்டு வருஷம் இருந்தார். ஒவ்வொரு லீவிலும் தஞ்சாவூர் பூக்காரத் தெருவில் பெட்டியை இறக்கிய மறுநாள், பெண்சாதியைக் கூட்டிக்கொண்டு கூத்தாநல்லூர் போய்விடுவார். ரஹ்மத் பீவிக்கு அவர் அண்ணன். நஸ்ரினுக்கு மாமா. ஒரு குறை வைத்ததில்லை என்றுதான் அவர் நெஞ்சு நிமிர்த்திக்கொண்டிருந்தார்.

அந்த ஆவணியில் நெஞ்சு இறங்கியது. நஸ்ரினுக்குக் கல்யாணமாகி ஒரு மாசம். மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் வேலை. அவளுக்கும் விசா வந்துவிட்டது, பத்து நாளில் பயணம். அதற்காக விருந்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பிரியாணி பரிமாறிக்கொண்டே வந்த பெண், யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்துக் குனிந்து, "மாமா, எங்கத்தா பாக்க எப்படி இருப்பாங்க?" என்று கேட்டாள்.

"ஏன், நீ போட்டோ பாத்ததில்லையா?"

"போட்டோ எங்க மாமா இருக்கு? கல்யாணத்துல எடுக்கலயாம். அத்தா அனுப்புன ரெண்டு படமும் நான் பொறக்கறதுக்கு முன்னாலயே வெள்ளத்துல ஊறி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் போச்சாம்."

லூர்துராஜுக்குக் கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. இருபது வருஷம்! சென்ட்டு பாட்டில் வாங்கி வந்தோம், போர்வை வாங்கி வந்தோம், இந்தப் பிள்ளை தகப்பன் முகத்தைப் பார்த்திருக்கிறதா என்று ஒரு நாள் கேட்டோமா? அவருக்கு அழுகை வந்துவிட்டது. காரம் என்று சொல்லிச் சமாளித்தார்.

வீட்டுக்கு வந்ததும் அலமாரி மேலிருந்து ஆல்பத்தை இறக்கினார். அந்தக் காலத்து வளைகுடா ஆல்பம். பக்கமெல்லாம் பசை, மேலே பிளாஸ்டிக் தாள். தாளைத் தூக்கி, படத்தை வைத்து, தாளை மூடினால் முடிந்தது வேலை. அப்போது அது பெரிய பெருமை. ஊருக்கு வருகிறவர்களெல்லாம் போர்வையோடு அதையும் ஒன்று தூக்கி வருவார்கள். போட்டோவைப் பிறகு வெளியே எடுக்கவே முடியாது என்பதை ஒருத்தரும் சொல்லவில்லை. படம் இருந்தது. கடற்கரை ரோட்டில், யாருடைய காரிலோ சாய்ந்துகொண்டு ரெண்டு பேர்: இடப்பக்கம் லூர்துராஜ், வலப்பக்கம் ஹாஜா. கார் நன்றாகத் தெரிந்தது. முகங்கள் துவரம்பருப்பு அளவு. மேலே இருந்த தாள் பழுத்து மஞ்சளாகியிருந்தது.

அடுத்து அவர் செய்த காரியத்துக்குச் சகாயம்மாள் இன்றைக்கும் திட்டுவாள். பிளேடை எடுத்து ஒரு மூலையைக் கிளப்பினார். கொஞ்சம் வந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்தார். சர்ரென்று படத்தின் மேல்தோல் மட்டும் தாளோடு உரிந்து வந்தது. லூர்துராஜின் முகம் இருந்த இடம் வெள்ளைக் காகிதம். ஹாஜாவின் காதுக்கு அரை விரல் தள்ளி கிழிசல் நின்றது.

"அய்யய்யோ, கையை எடுங்க! எடுங்கன்னா எடுங்க!" என்று கத்தினாள் சகாயம்மாள். அவர் பிளேடைக் கீழே போட்டுவிட்டு, தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். போனது தன் முகம்தான் என்று தெரிந்தபிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது. மாதாவே, நல்லவேளை என்று சிலுவை போட்டுக்கொண்டார்.

பெங்களூரில் இருந்த கிளமென்ட், "போன்ல எடுங்கப்பா" என்றான். எடுத்தார். டியூப்லைட் பளிச்சென்று விழுந்தது, குனிந்து எடுத்த அவர் வழுக்கையும் விழுந்தது, ஹாஜாவைக் காணோம். ஸ்டுடியோக்காரர், "விட்டுட்டுப் போங்க சார், சூடு காட்டி உரிச்சுடலாம்" என்றார். உரிக்கிறதா! ஒரு பிரௌசிங் சென்டரில் ஆல்பத்தை மெஷினில் கவிழ்த்து, மூடி மூடவில்லை என்று மேலே முழங்கையை ஊன்றினார்கள். லூர்துராஜ் ஆல்பத்தைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கிவிட்டார். இனி அந்த ஆல்பத்தை வேறொருத்தர் கையில் கொடுப்பதில்லை, சொந்தமாகவே ஒரு ஸ்கேனர் வாங்குவது என்று அன்றைக்கே முடிவாயிற்று.

கூடவே இன்னொன்றும் சேர்ந்தது. ஹாஜா எழுதிய கடிதங்கள் பத்தொன்பது ரஹ்மத் பீவியிடம் பத்திரமாக இருந்தன. பாதியாவது கொடு என்று மகள் கேட்க, "நான் இருக்கற வரைக்கும் இது வாசப்படி தாண்டாது" என்று தாய் சொல்ல, பயணம் போகிற வீட்டில் அதுவே ஒரு மனஸ்தாபம். லூர்துராஜ் போன் செய்து, எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருகிறேன் என்றார்.

"கடைக்கெல்லாம் குடுக்க மாட்டேண்ணே. நீங்க இங்க வந்து, என் கண்ணு முன்னால எடுங்க" என்றாள் ரஹ்மத் பீவி. படத்தைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. சரியாக வராமல் போனால் அந்தப் பிள்ளை தாங்காது என்று பயம்.

கம்ப்யூட்டர் கடை பஞ்சநதத்துக்கு முப்பத்தைந்து வயசிருக்கும். பொறுமைசாலி. முதலில், பிரிண்ட், ஜெராக்ஸ், ஸ்கேன் மூன்றும் சேர்ந்த பெட்டியைக் காட்டினார். லூர்துராஜ் மூடியைத் தூக்கிப் பார்த்தார். "இது தடி ஆல்பத்துக்கு மூடாது. ஆளும் ஆட்டுக்கல் மாதிரி இருக்கான். பஸ்ல போகணும் தம்பி." தாளை உள்ளே இழுத்துத் துப்புகிற மெஷினைக் காட்டியதும், "இதுல எங்க ஆல்பத்தைப் போடறது? கடுதாசியும் இருபது வருஷத்துக் காகிதம், அப்பளம் மாதிரி நொறுங்கிடும். எனக்குப் படுக்க வெச்சு எடுக்கறதுதான் வேணும்" என்றார்.

கடைசியில் படுக்க வைத்து எடுக்கிற ஃப்ளாட்பெட் ரெண்டு நின்றன. ஒன்று கொஞ்சம் பருமன், அதற்குத் தனிக் கரண்டு வேண்டும். இன்னொன்று கல்யாணத் தாம்பாளம்போல மெலிசு, ஒன்றரைக் கிலோ, லேப்டாப்பில் ஒரே ஒரு ஒயரைச் சொருகினால் அதிலிருந்தே கரண்டு எடுத்துக்கொள்ளும். மூடியும் ரெண்டு படி மேலே எழும்பும்.

"உள்ளதைச் சொல்லிடறேன் சார்" என்றார் பஞ்சநதம். "மெலிசு வந்து, கண்ணாடியோட ஒட்டியிருக்கறதைத்தான் தெளிவாப் படிக்கும். ஒரு நூல் தூக்கியிருந்தாலும் மங்கிடும். தடிசு அப்படியில்ல, கொஞ்சம் தூக்கியிருந்தாலும் விடாது. ஆனா கரண்டு இல்லேன்னா அது வெறும் டப்பா."

கரண்டு! அந்த வருஷம் தஞ்சாவூரில் கரண்டைப் பற்றிப் பேசினாலே ஆட்களுக்குக் கோபம் வரும். மேட்டூரும் திறக்கவில்லை, போர் மோட்டாரும் ஓடவில்லை, குறுவை போயே போச்சு. கூத்தாநல்லூரில் எப்போது போகும், எப்போது வரும் என்று யார் கண்டது? லூர்துராஜ் அரை மணி நேரம் நின்றார். இதைத் தூக்கினார், அதைத் தடவினார். நஸ்ரின் புறப்படுகிற நாளில் கரண்டு இல்லாமல் ஒரு டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாக நினைத்துப் பார்த்தார். "மெலிசையே குடுங்க" என்றார்.

"பெரிசா பிரிண்ட் போட்டு ஃப்ரேம் பண்ணிடலாமா சார்? மாலை போடற மாதிரி?" என்று கேட்டார் பஞ்சநதம்.

லூர்துராஜ் தலையாட்டப் போனார். சகாயம்மாள் முந்திக்கொண்டாள். "அவங்க வீட்டுல படம் மாட்ட மாட்டாங்க தம்பி. போன்ல இருந்தாப் போதும்." இதற்குத்தான் கூட வந்தேன் என்பதுபோல் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். சரக்கு திருச்சியிலிருந்து வரவேண்டியிருந்தது. பயணத்துக்கு முதல் நாள் சாயங்காலம்தான் கைக்கு வந்தது.

வந்த கையோடு வீட்டில் வைத்துப் பார்த்தார். கார் தெளிவு. கடல் தெளிவு. ஹாஜாவின் சட்டைப் பொத்தான் வரை தெளிவு. முகம் மட்டும் மார்கழிப் பனியில் நிற்கிற மாதிரி கலங்கியிருந்தது. லூர்துராஜ் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்தார். மறுபடியும் அதேதான். அப்புறம்தான் பார்த்தார்: அவர் உரித்த இடத்தின் ஓரம் பத்து நாளில் சுருண்டு கண்ணாடியில் முட்டி, ஹாஜாவின் முகத்தை அதோடு ஒட்டவிடாமல் கொஞ்சம் தூக்கிவிட்டிருந்தது. பஞ்சநதம் சொன்ன அதே ஒரு நூல். மேலே ஒரு புத்தகத்தை வைத்தார். மொறுக்கென்று ஒரு சத்தம். பதறி எடுத்துவிட்டார். இன்னும் கொஞ்சம் அமுக்கினால் ஹாஜாவும் உரிந்து போவார்.

"தப்பானதை வாங்கிட்டேன் சகாயம்" என்றார். "தடிசை வாங்கியிருந்தா இந்நேரம் முகம் வந்திருக்கும். உரிச்சதும் நான், வாங்குனதும் நான்."

மாற்றுவதற்கு நேரமில்லை. காலையில் மெஷினையும் ஆல்பத்தையும் லேப்டாப்பையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு ரெண்டு பேரும் பஸ் ஏறினார்கள். நீடாமங்கலம் ரயில்வே கேட் வழக்கம்போல் மூடிக்கிடந்தது. ஒரு கூட்ஸ் வண்டி முன்னே போனது, இன்ஜின் மட்டும் தனியாகத் திரும்பி வந்தது, அப்புறம் என்னவோ யோசித்துக்கொண்டு மறுபடி போனது. முக்கால் மணி நேரம் போச்சு. சகாயம்மாள் பையை மடியில் வைத்துக்கொண்டு மணிக்கட்டில் ஜெபமாலையைச் சுற்றிக்கொண்டாள்.

கூத்தாநல்லூர் வீட்டுக்குள் நுழையும்போது மணி பதினொன்றரை. ஒரு மணிக்குத் திருச்சி ஏர்போர்ட்டுக்குக் கார். வீடு நிறைய சொந்தக்காரப் பெண்கள், கட்டி வைத்த அட்டைப்பெட்டிகள், கரண்டு இல்லை.

"வாங்கண்ணே, வாங்க அண்ணி. பத்து மணிக்குப் போனது இன்னும் வரலயே, உங்க மெஷின் ஓடுமா?" என்று கவலைப்பட்டாள் ரஹ்மத் பீவி.

"அது ஓடும்" என்றார் லூர்துராஜ். உள் அறையில் கட்டில்மேல் மெஷினை வைத்து ஒயரைச் சொருகினார். விளக்கு கண் விழித்தது. ரஹ்மத் பீவி கடிதங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கண்ணாடிமேல் வைத்தாள். வைக்கும்போதே வாய்க்குள் படித்துக்கொண்டாள். பத்தொன்பதும் அரை மணியில் ஏறின. தனக்கும் ஒரு பங்கு என்றதும் நஸ்ரின் தாயின் தோளில் சாய்ந்துகொண்டாள். பத்து நாள் மனஸ்தாபம் அந்த அரை மணியில் தீர்ந்தது. இந்த மட்டுக்கும் மெலிசை வாங்கியது வீண் போகவில்லை என்று லூர்துராஜுக்கு ஓர் ஆறுதல்.

லேப்டாப்பில் சார்ஜ் கொஞ்சம்தான் மிச்சம். அவர் பையின் ஜிப்பை இழுத்து மூடினார். இவ்வளவு போதும், மங்கல் முகத்தைக் காட்டி அந்தப் பிள்ளையை அழவைக்க வேண்டாம் என்று அவர் கணக்கு.

சகாயம்மாள் அந்த ஜிப்பைத் திறந்தாள். "சொல்லுங்க. அது அவங்க பொருளு. மறைக்க நாம யாரு?"

லூர்துராஜ் ஆல்பத்தை எடுத்து நஸ்ரின் மடியில் வைத்தார். "இதுல உங்கத்தா இருக்காரு. வலப்பக்கம்."

நஸ்ரின் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்தாள். ஜன்னல் பக்கம் திருப்பினாள், சாய்த்தாள். அந்தப் பழுத்த தாளுக்கு அடியில் துவரம்பருப்பு அளவு முகத்தில் என்ன தெரியும்? "மீசை இருக்கா மாமா?" என்றாள்.

லூர்துராஜ் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். பிளேடால் உரித்தது, கிழிந்தது, ஓரம் சுருண்டது, மெஷின் தூக்கியிருப்பதைப் படிக்காதது, தடிசை விட்டுவிட்டு மெலிசை வாங்கியது. "அமுக்கிப் பிடிச்சாத்தான் முகம் வரும்மா. அமுக்குனா கிழிஞ்சாலும் கிழிஞ்சுடும். எனக்கு அந்த மனசு வரல. இருக்கறதே ஒரு படம். என் உயிரை ஊர் சேத்த மனுஷனோட முகம். அதை என் கையால ரெண்டாவது தடவையும் கிழிக்க மாட்டேன்." அவர் அழுதுகொண்டுதான் சொன்னார், அதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

நஸ்ரின் தாயைப் பார்த்தாள். ரஹ்மத் பீவி கண்ணை மூடித் திறந்து, "பிஸ்மி சொல்லிட்டுச் செய்" என்றாள்.

"ஆன் பண்ணுங்க மாமா. நான் அமுக்கறேன். கிழிஞ்சா எங்கத்தா என் கையில கிழியட்டும்."

அவள் ஆல்பத்தைக் கண்ணாடிமேல் கவிழ்த்தாள். மூடியை முழுசாகப் பின்னால் தள்ளிவிட்டு, பக்கத்தின் முதுகில், படம் இருக்கும் இடம் பார்த்து உள்ளங்கையை வைத்தாள். மருதாணி இன்னும் மங்காத கை. குழந்தை தலையில் எண்ணெய் வைத்து அமுக்குகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக எடையைக் கொடுத்தாள். ஒரு மொறுக்கென்ற சத்தம் கேட்டது. லூர்துராஜ் கண்ணை இறுக மூடிக்கொண்டார். அவள் கையை எடுக்கவில்லை. "எடுங்க மாமா!"

முகத்தை மட்டும் கட்டம் போட்டு, தெளிவின் அளவை ஆயிரத்து இருநூறுக்கு ஏற்றி, பட்டனைத் தட்டினார். விளக்கு ஊர்ந்தது. அந்த அளவில் எடுத்தால் நத்தை வேகம்தான். வெளியே யாரோ கார் வந்துவிட்டது என்று குரல் கொடுத்தார்கள். ரஹ்மத் பீவி தன் கையை மகள் கைமேல் வைத்துப் பிடித்துக்கொண்டாள்.

விளக்கு கடைசி வரைக்கும் போய் நின்றது. திரையில் ஹாஜா முகைதீன் வந்தார். முழுத்திரைக்கும் வந்தார். அரும்பு மீசை. ரெண்டு பக்கமும் விடைத்த காது. படம் எடுப்பவனிடம் ஏதோ கேலி சொல்லிச் சிரிக்கிற வாய். வலது புருவத்துக்கு மேலே ஒரு மச்சம். பனியுமில்லை, மங்கலுமில்லை. லூர்துராஜ், "பாய்!" என்றார்.

ஆல்பத்தைத் திருப்பிப் பார்த்தாள் சகாயம்மாள். தாளில் ஒரு கீறல் விழுந்திருந்தது, அவ்வளவுதான். படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. "இயேசுவே, உமக்கு ஸ்தோத்திரம்" என்றாள் வாய்விட்டு. "அல்ஹம்துலில்லாஹ்" என்றது நிலைப்படியில் கூடியிருந்த கூட்டம்.

ரஹ்மத் பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு கிட்ட வந்தாள். வெகுநேரம் பார்த்தாள். "இவ்வளவு சின்னப் பிள்ளையாவாண்ணே இருந்தாரு?" என்றாள். "என் நெஞ்சுக்குள்ள என்னோட சேந்து அவருக்கும் வயசாயிட்டுல்ல இருந்துச்சு. இப்ப பாத்தா எனக்கு மகன் மாதிரி இருக்காரே." சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு. லூர்துராஜின் கையைப் பிடித்து, "நீங்க நல்லா இருக்கணும்ண்ணே. என் பிள்ளைக்குத் தகப்பனைக் கொண்டாந்து குடுத்துட்டீங்க" என்றாள்.

"நானா குடுத்தேன்? அவரு குடுத்த உயிருல்ல இங்க உக்காந்திருக்கு" என்றார் லூர்துராஜ்.

படத்தை நஸ்ரின் போனில் ஏற்றினார், ரஹ்மத் பீவியின் போனில் ஏற்றினார், பென் டிரைவில் போட்டார். லேப்டாப்பில் சிவப்பு விளக்கு மினுக்கத் தொடங்கிவிட்டது. முழுப் படத்தையும் ஒருதரம் காட்டியபோது நஸ்ரின் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மாமா, உங்க முகத்தைக் காணோமே!" என்றாள்.

"என் முகத்தைத்தான் இருபது வருஷமா பாத்துச் சலிச்சிருக்கியே, அப்புறம் என்ன?"

எல்லாரும் சிரித்தார்கள். வெளியே டிரைவர் ஹாரன் அடித்தார். பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு பெண்கள் வாசலுக்கு நகர்ந்தார்கள். நஸ்ரின் காலையிலிருந்து தெருவெல்லாம் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். பெரியம்மா, சின்னம்மா, மாமி, பக்கத்து வீடு, எதிர்வீடு, ஒருத்தரையும் விடவில்லை. புர்கா போட்டுக்கொண்டவள் வாசல்வரை போய், நின்று, திரும்பி உள் அறைக்கு வந்தாள். அணையப்போகிற திரைக்கு முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தாள்.

"அத்தா," என்று கூப்பிட்டாள். அந்த வார்த்தையால் அவள் ஒருவரை நேருக்கு நேராகக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "அத்தா, நான் போய்ட்டு வரேன்."